ஆயில் கூலரா, ஆயில் மாற்றமா, வேறு பைக்கா? என்3 ஏற்றங்களில் ஓடும் காற்றுக் குளிர்ச்சி எஞ்சின்களுக்கு ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் பைக் வைத்திருப்பவர்கள் கோடை தொடங்கியதும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது, ஆயில் கூலர் (எஞ்சின் ஆயிலைக் காற்றில் குளிர்விக்கும் சிறிய ரேடியேட்டர்) ஒன்று வாங்கிப் பொருத்திவிடலாமா? கேட்பவர்கள் ஒரே வகையினர் அல்லர். நாள் முழுவதும் 125 அல்லது 150 சிசி பைக்கில் சாப்பாடும் மளிகையும் கொண்டு சேர்ப்பவர் ஒருவர். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு என்3 நெடுஞ்சாலை வழியாகப் பெட்டி கட்டிக்கொண்டு போய் வருபவர் இன்னொருவர். சைலன்சரை மாற்றி, கார்புரேட்டர் ஜெட்டையும் மாற்றி, பழைய பைக்குக்குப் புது உயிர் கொடுக்க முனைபவர் மற்றொருவர். இம்மூவருக்கும் ஒரே விடையைச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: கூலர் தேவை என்று நினைப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதில்லை, உண்மையிலேயே தேவைப்படும் சிலருக்கோ அதற்கு ஈடான மாற்று வேறில்லை. இந்த இரண்டு பிரிவில் தாம் எதில் இருக்கிறோம் என்பதைக் கண்டுபிடிப்பதற்கே கீழ்வரும் ஒப்பீடு.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் ஆயிலின் உண்மையான வெப்பநிலை. காலில் அடிக்கும் அனலும், சிலிண்டரிலிருந்து வரும் வாடையும், ரோபோ விளக்கில் (போக்குவரத்து சிக்னலில்) நிற்கும்போது கேட்கும் டிக் டிக் ஓசையும் ஆயிலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அவை சிலிண்டர் தலையும் சைலன்சர் குழாயும் சூடாக இருப்பதையே காட்டுகின்றன, அவை சூடாகத்தான் இருக்கும். ஆயில் ஊற்றும் துளையின் மூடிக்குப் பதிலாகத் திருகி வைக்கும் வெப்பமானி மலிவாகவே கிடைக்கிறது. அதன் மரையும் தண்டின் நீளமும் உங்கள் எஞ்சினுக்குப் பொருந்த வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அகச்சிவப்புத் துப்பாக்கியால் எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் மேற்பரப்பை அளந்தால் உள்ளே இருக்கும் ஆயிலைவிடக் குறைவாகவே காட்டும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது.

காற்றுக் குளிர்ச்சி எஞ்சினில், ஓடிச் சூடேறிய பிறகு, சம்ப்பில் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் இடத்தில்) 80 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது இயல்பு. ஏற்றத்தில் சிறிது நேரம் 120ஐத் தொட்டு, இறக்கத்தில் திரும்பிவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. சாதாரண மினரல் ஆயில் 130க்கு மேல் வழக்கமாகவே ஓடினால் அதன் ஆயுள் வேகமாகக் கரையும். நல்ல சிந்தெட்டிக் ஆயில் இன்னும் சற்று மேலே தாங்கும். ஆயிலின் ஆக்சிஜனேற்றம் ஒவ்வொரு பத்து டிகிரி உயர்வுக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பது பொறியாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. கீழ்ப்பக்கமும் ஓர் எல்லை உண்டு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆயில் எப்போதும் 70க்குக் கீழேயே ஓடினால், எரிதலின்போது உண்டாகி உள்ளே இறங்கும் நீரும் பெட்ரோலும் ஆவியாகிப் போவதில்லை. மூடியைத் திறந்தால் உட்புறத்தில் வெண்மையான குழம்பு படிந்திருக்கும். ஆயிலை எவ்வளவு குளிர்விக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் தவறானது.

இரண்டாவது அளவுகோல், வெப்பம் எந்த நிலையில் ஏறுகிறது என்பது. காற்று ஓடினால்தான் கூலர் வேலை செய்யும். டர்பன் நகருக்குள் வார்விக் சந்திப்புச் சுற்றில் ஊர்ந்து செல்லும் பைக்கில், விசிறி இல்லாத கூலர் ஏறக்குறைய சும்மா தொங்குகிறது. பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி க்ளூஃப் போகும்போதும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி டவுன் ஹில்லில் ஹில்டன் நோக்கி ஏறும்போதும் நிலைமை வேறு: த்ராட்டில் முழுவதும் திறந்திருக்கும், பைக்கோ 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். கூலருக்கு ஏற்ற களம் அதுவே.

மூன்றாவது, மொத்தச் செலவு. கடையில் கொடுக்கும் விலை அதில் ஒரு பகுதி மட்டுமே. நான்காவது, எத்தனை புதிய இணைப்புகள் உருவாகின்றன என்பது. ஒவ்வோர் இணைப்பும் ஆயில் கசியக்கூடிய ஓர் இடம், அந்த இடமோ பின் டயருக்கு முன்னால் இருக்கிறது. ஐந்தாவது, பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா, உத்தரவாதமும் காப்பீடும் நிலைக்குமா என்பது.

உயரத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றின் அடர்த்தி டர்பனைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அடர்த்தி குறைந்தால், சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகளான ஃபின்கள் குளிர்வதும் குறையும் என்பது சரிதான். ஆனால் எஞ்சின் இழுக்கும் காற்றும் அதே அளவு குறைவதால் அது உண்டாக்கும் வெப்பமும் குறைகிறது. கார்புரேட்டர் பைக்காக இருந்தால் கலவை பெட்ரோல் மிகுந்து மந்தமாக ஓடுமே தவிரக் கொதிக்காது. ஏறத்தாழ 570 கிலோமீட்டர் நீளும் அந்தப் பயணத்தில் ஆயில் மிகவும் சூடாவது பெரும்பாலும் முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டரில், கடலோரத்து அடர்ந்த சூடான காற்றை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போதுதான். உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி இறங்கும் பெர்க் காற்று வீசும் நாள்களில், குளிர்காலத்தில்கூட டர்பனில் வெப்பநிலை 30ஐத் தாண்டுவதுண்டு. வெப்பமானியைப் பொருத்தியவர்கள் அத்தகைய ஒரு நாளில் அளந்து பார்ப்பது பயனுள்ளது.

## முதல் வழி: இருக்கும் எஞ்சினைச் சீராக வைத்திருத்தல்

இந்த வழியில் பெருமையாகக் காட்ட எதுவும் இல்லை என்பதால் யாரும் இதை விரும்புவதில்லை. எனினும் வெப்பமானியில் 125, 130 காட்டும் பைக்குகளில் பலவற்றை 110க்குக் கொண்டுவர இதுவே போதும்.

சைலன்சரை மாற்றியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கலவையை. வெளியேறும் வழி தாராளமான பிறகு, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டைத் திருத்தாமல் விட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து, எரிதலின் வெப்பம் ஏறும். ஆயில் கூலர் இந்தக் கோளாற்றைச் சரிசெய்யாது. ஆயிலின் வெப்பத்தை மட்டும் இறக்கி, பிஸ்டனும் எக்ஸாஸ்ட் வால்வும் வெந்துகொண்டிருப்பதை மறைத்துவிடும். வால்வு இடைவெளி குறைந்திருப்பது, இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருப்பது, பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது, செயின் இறுகியிருப்பது ஆகிய எல்லாமே எஞ்சினைக் கூடுதலாக உழைக்க வைத்துக் கூடுதல் வெப்பத்தைத் தருகின்றன. அடுத்து, ஃபின்கள். கிராஷ் கார்டில் பைகளைக் கட்டி, அதற்கு மேலே இரண்டு ஸ்பாட் விளக்குகளையும் வைத்தால் சிலிண்டருக்குக் காற்று எப்படிப் போகும்? டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் கரும்பு வெட்டும் பருவத்தில் ஓட்டுபவர்களின் ஃபின்களுக்கிடையில் சோகையும் சாம்பலும் ஆயில் கசிவோடு சேர்ந்து இறுகிப் படிந்திருக்கும். அதைக் கரைத்துக் கழுவுவதற்கு ஒரு காலைப்பொழுது போதும்.

ஆயிலைப் பொறுத்தவரை, எஞ்சினும் கியர்பாக்ஸும் கிளட்சும் ஒரே ஆயிலில் ஓடும் பைக்குகளில் ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 தரக்குறியுள்ளதையே ஊற்ற வேண்டும். வீட்டில் காருக்கு வாங்கி வைத்த ஆயிலில், எரிபொருளைச் சேமிப்பதற்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருந்தால் கிளட்ச் நழுவும். நழுவும் கிளட்ச் தானே ஆயிலைச் சூடாக்கும். பைக்கின் கையேடு அனுமதித்தால், கோடையில் 10டபிள்யூ-40க்குப் பதிலாக, அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றலாம். மினரலிலிருந்து சிந்தெட்டிக்குக்கு மாறலாம். இரண்டும் இல்லாவிட்டால், மாற்றும் இடைவெளியைப் பாதியாகக் குறைக்கலாம். ஒரு லிட்டரை ஒட்டி ஆயில் கொள்ளும் 150 சிசி எஞ்சினுக்கு, நல்ல கூலர் கிட் ஒன்றின் விலையில் பல முறை ஆயில் மாற்றிவிடலாம் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மறைந்த செலவு என்று இதில் இருப்பது நேரமும் பழைய ஆயிலும்தான். அந்தப் பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், ரோஸ் அறக்கட்டளையின் ஏற்பாட்டில் இயங்கும் சேகரிப்பு இடங்களில் கொடுத்துவிடலாம்.

இந்த வழிக்கு ஓர் எல்லையும் உண்டு. எல்லாம் சரியாக இருந்தும், பின்னால் ஒருவரும் இரண்டு பெட்டிகளும் இருக்க, ஏற்றத்தில் தொடர்ந்து 130க்கு மேல் காட்டினால், ஆயிலை எவ்வளவு அடிக்கடி மாற்றினாலும் வெப்பம் குறையப் போவதில்லை.

## இரண்டாம் வழி: ஆயில் கூலர் கிட்

எஞ்சினிலிருந்து சூடான ஆயிலை வெளியே எடுத்து, காற்றில் நிற்கும் ஒரு சிறிய ரேடியேட்டர் வழியாக ஓட்டி, திரும்ப உள்ளே விடுவது என்ற அளவில் கூலரின் தத்துவம் எளிமையானது. சரியாகப் பொருத்தினால், ஓடும் நிலையில் பொதுவாகப் பத்து முதல் இருபது டிகிரி வரை இறங்கும். மேலே சொன்ன இரட்டிப்பு விதியை நினைவில் வைத்தால், இருபது டிகிரி என்பது ஆயில் கெடும் வேகத்தை நாலில் ஒன்றாகக் குறைக்கிறது. வெப்பம் குறைவதால் ஆயில் கெட்டியாக இருந்து, பேரிங்கிலும், வால்வுகளைத் திறக்கும் காமின் பரப்பிலும் ஆயில் படலத்தைக் காக்கிறது என்பதும் ஆதாயமே. கூடுதலாகக் கொள்ளும் நூறு முதல் முந்நூறு மில்லி ஆயிலும் சிறிது உதவும்.

சிக்கலெல்லாம் ஆயிலை எங்கிருந்து எடுப்பது என்பதில் தொடங்குகிறது. வெளியே திருகி வைக்கும் டப்பா ஃபில்டர் உள்ள எஞ்சின்களில், ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஓர் இடைத்தட்டை வைத்து, பம்ப் தள்ளும் ஆயில் முழுவதையும் கூலருக்கு அனுப்பலாம். இதுவே சீரான முறை. ஆனால் தட்டின் தடிப்பு அளவுக்கு ஃபில்டர் வெளியே நீளும். அது சைலன்சர் குழாயை நெருங்குகிறதா, முன் சக்கரம் மேலே எழும்பும்போது இடிக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே அளந்து கொள்ள வேண்டும். காகித ஃபில்டர் எஞ்சினுக்குள்ளேயே இருக்கும் பைக்குகளுக்கு, இரண்டு குழாய் வாய்களோடு கூடிய மாற்று ஃபில்டர் மூடி கிடைக்கும். சிலிண்டர் தலைக்குப் போகும் ஆயில் குழாயிலிருந்து கிளை எடுத்துக் கூலரை இணைக்கும் மலிவான கிட்களும் உண்டு. அவற்றில் எந்த வகை என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. காம் ஷாஃப்டுக்குப் போக வேண்டிய ஆயிலைக் கூலர் வழியாகத் திருப்பி சம்ப்பில் விடும் அமைப்பு, வெப்பமானியில் நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டே, மேலே காமை வறளவிடும்.

சிறிய எஞ்சினின் பம்ப், உயவுக்குத் தேவையான அளவுக்கே வடிவமைக்கப்பட்டது என்பதைக் கூலர் விற்பவர் சொல்வதில்லை. சுசூகி 1985இல் ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750ஐ ஆயிலால் குளிரும் எஞ்சினோடு வெளியிட்டபோது, உயவுக்கு ஒன்று, சிலிண்டர் தலையின் மேல் ஆயிலைப் பாய்ச்சிக் குளிர்விப்பதற்கு ஒன்று என்று பம்பையே இரண்டு அறைகளாக அமைத்தது. நாம் பிற்பாடு பொருத்தும் கூலருக்கு அந்த வசதி இல்லை. இருக்கும் ஒரே பம்பின் தலையில்தான் நீண்ட ஹோஸ்களின் தடையும் ஏறுகிறது. எனவே ஹோஸின் உள்விட்டம் தாராளமாகவும், நீளம் குறைவாகவும், வளைவுகள் மென்மையாகவும் இருக்க வேண்டும். பெரிய கூலராக வாங்கிவிட்டால் நல்லது என்று நினைப்பவர்கள், அழுத்தம் குறையும் அபாயத்தையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

தெர்மோஸ்டாட் (ஆயில் போதிய அளவு சூடான பிறகே அதைக் கூலருக்குள் விடும் வால்வு) வேண்டுமா என்று கேட்கிறார்கள். டர்பன் நகரத்தை விட்டு வெளியே போகாதவருக்கு அது இல்லாமலும் சமாளிக்கலாம். ஜூன், ஜூலையில் வான் ரீனன் கணவாயைக் கடந்து ஹாரிஸ்மித் வழியாகப் போகிறவருக்கு அது கட்டாயம் தேவை. அந்தப் பகுதியில் இரவில் உறைபனி விழும், சில ஆண்டுகளில் சாலையை மூடும் அளவுக்குப் பனிப்பொழிவும் இருக்கும். அக்குளிரில் கட்டுப்பாடில்லாத கூலர் ஆயிலை 60லேயே நிறுத்திவிடும். கெட்டியான ஆயில் கூலருக்குள் தடைபட்டு, அழுத்தத்தையும் குலைக்கும். சுமார் 80 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டோடு கூடிய இடைத்தட்டு விலை அதிகம்தான். ஆனால் கிட்டில் பணத்தை மிச்சப்படுத்த வேண்டிய இடம் இதுவன்று. வேண்டுமானால் பளபளக்கும் நிற இணைப்புகளில் மிச்சப்படுத்தலாம்.

மறைந்த செலவுகளை இனி ஒவ்வொன்றாக எண்ணலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கம், 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி, கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் ஆகியவை சேரும். கிட்டோடு வரும் தாங்கி உங்கள் ஃபிரேமுக்கு அப்படியே பொருந்துவது அரிது. புதியதாக ஒன்றைச் செய்து, ரப்பர் புஷ் வைத்துப் பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வில் கூலரின் காதுகளில் விரிசல் விழுந்துவிடும். ஒவ்வோர் ஆயில் மாற்றத்தின்போதும் கூலரில் தங்கும் பழைய ஆயில் வெளியே வராது; அதையும் கழற்றி வடிக்க வேண்டும், செப்பு வாஷர்களையும் மாற்ற வேண்டும். என்றாவது கிளட்ச் தேய்ந்தோ பேரிங் உடைந்தோ உலோகத் துகள் ஆயிலில் கலந்தால், கூலரின் நுண்ணிய வழிகளுக்குள் சிக்கிய துகளைக் கழுவி எடுக்க முடியாது. எஞ்சினைச் சரிசெய்த பிறகு பழைய கூலரையே மாட்டினால் அந்தத் துகள் புது பேரிங்குக்கு வந்து சேரும். ப்ளஃபிலும் உம்லாங்காவிலும் தென்கடற்கரை ஊர்களிலும் வசிப்பவர்கள், உப்புக் காற்றில் மெல்லிய அலுமினியம் சில ஆண்டுகளில் வெண்பொடி பூத்து அரிக்கப்படும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

புது பைக்காக இருந்தால் சட்டப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருளின் தரத்துக்கு ஆறு மாத உத்தரவாதத்தைத் தானாகவே அளிக்கிறது. ஆனால் விற்பனையாளரின் கையைவிட்டுப் போன பிறகு மாற்றப்பட்ட பகுதிக்கு அது பொருந்தாது. கிராங்க் கேஸுக்குள் கோளாறு வந்தால் முதலில் விரல் நீளப் போவது நீங்கள் பொருத்திய இடைத்தட்டை நோக்கித்தான். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, பதிலைப் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது.

## மூன்றாம் வழி: பெரிய சம்ப், மின்விசிறி

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆழமான சம்ப் மூடி சில பைக்குகளுக்கே கிடைக்கிறது. கூடுதல் ஆயில் சூடேறும் வேகத்தைத் தாமதப்படுத்துமே தவிர, நீண்ட ஏற்றத்தில் போய்ச் சேரும் இறுதி வெப்பத்தைச் சிறிதளவே மாற்றும். தரை இடைவெளி குறைவதால் மண் பாதைகளில் ஓட்டுபவருக்கு இது பொருந்தவே பொருந்தாது. வெளியே மரைகளோ ஹோஸ்களோ இல்லை என்பது மட்டுமே இதன் உண்மையான ஆதாயம். சிலிண்டரை நோக்கி மின்விசிறி பொருத்துவது, நெரிசலில் மணிக்கணக்கில் ஊரும் விநியோகப் பைக்குகளுக்குக் கேட்பதற்கு நன்றாக இருக்கும். சிறிய பைக்கின் மின் உற்பத்தி, ஐட்லிங்கில் விளக்குக்கே போதாதபோது விசிறிக்கு எங்கிருந்து வரும்?

## நான்காம் வழி: கூலரோடு பிறந்த பைக்

பைக்கை எப்படியும் ஓரிரு ஆண்டுகளில் மாற்றப் போகிறவர், கிட்டுக்கான பணத்தை அதற்காக ஒதுக்கி வைப்பதே சிறந்தது. ராயல் என்ஃபீல்டின் முந்தைய 411 சிசி ஹிமாலயனிலும் 650 இரட்டைச் சிலிண்டர் பைக்குகளிலும், சுசூகி டிஆர்650யிலும் ஆயில் கூலர் தொழிற்சாலையிலேயே வருகிறது. பம்பின் அளவும், ஹோஸின் பாதையும், கூலர் நிற்கும் இடமும் ஒன்றோடொன்று பொருந்தும்படி சேர்ந்தே தீர்மானிக்கப்பட்டவை. உத்தரவாதத்தைப் பற்றிய வாதமும் எழாது. ஏற்றத்திலும் நெரிசலிலும் ஒருசேர ஓட்டுபவருக்கு, பஜாஜ் பல்சர் என்எஸ்200 போன்ற நீர்க் குளிர்ச்சி பைக் இன்னும் பொருத்தமானது. நின்றுகொண்டிருக்கும்போதும் அதன் விசிறி வேலை செய்யும்.

இதற்கும் மறைந்த செலவு உண்டு. நீர்க் குளிர்ச்சியில் கூலன்ட் மாற்றம், நீர்ப் பம்பின் சீல், ரேடியேட்டர், விசிறியின் சுவிட்ச் என்று கவனிக்க வேண்டியவை கூடுகின்றன. மலைப் பாதையில் கல் பட்டு ரேடியேட்டர் கிழிந்தால் வழியோரத்தில் சரிசெய்வது கடினம். பழைய பைக்கை விற்கும்போது ஏற்படும் நட்டமும், புதியதற்கான காப்பீட்டுத் தவணையும் ஆயில் செலவை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும் தொகைகள். ஆகவே வெப்பம் ஒன்றுக்காக மட்டும் பைக்கை மாற்றுவது அறிவுடைமை ஆகாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பராமரிப்பும் ஆயிலும் | கூலர் கிட் | பெரிய சம்ப் | வேறு பைக் |
|---|---|---|---|---|
| ஏற்றத்தில் பயன் | கோளாறு இருந்தால் அதிகம், இல்லாவிட்டால் குறைவு | அதிகம் | குறைவு | அதிகம் |
| நெரிசலில் பயன் | ஓரளவு | மிகக் குறைவு | குறைவு | நீர்க் குளிர்ச்சியில் அதிகம் |
| கசியும் அபாயம் | கூடுவதில்லை | கூடும் | சிறிது | தொழிற்சாலைத் தரம் |
| குளிர்கால நடத்தை | மாற்றமில்லை | தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் மோசம் | சூடேறத் தாமதம் | நன்று |
| பின்னர் வரும் செலவு | ஆயில் மட்டும் | வாஷர், ஹோஸ், அரிப்பு | சொற்பம் | காப்பீடு, பராமரிப்பு |
| பழைய நிலைக்குத் திரும்புதல் | தேவையில்லை | முடியும் | முடியும் | முடியாது |

## யாருக்கு எது

நகருக்குள் சாப்பாடு கொண்டு சேர்ப்பவருக்கு முதல் வழியே போதும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவருடைய வெப்பம் நிற்பதாலும் ஊர்வதாலும் வருகிறது. கூலர் அதைத் தொடாது. பைக் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போகும் தொழிலில், கசியக்கூடிய நான்கு இணைப்புகளை விலை கொடுத்து வாங்குவது வீண். ஆயிலை இரண்டு மடங்கு அடிக்கடி மாற்றி, வால்வு இடைவெளியைப் பார்த்துக்கொண்டால் அந்த எஞ்சின் நெடுநாள் உழைக்கும்.

மாதம் ஒரு முறையோ அதற்கு மேலோ, பின்னால் ஆளும் சுமையுமாக, என்3 ஏற்றங்களில் 250 சிசிக்கு மேற்பட்ட காற்றுக் குளிர்ச்சி பைக்கை ஓட்டுபவர், பராமரிப்பெல்லாம் முடித்த பிறகும் 125, 130க்கு மேல் காண்பாரானால், தெர்மோஸ்டாட்டோடு கூடிய முழு ஓட்டக் கூலரைத் தயங்காமல் பொருத்தலாம். சிலிண்டரைப் பெரிதாக்கியோ கம்ப்ரெஷனைக் கூட்டியோ எஞ்சினை மாற்றியவருக்கும் இதுவே விடை. கூடுதல் ஆற்றலோடு கூடுதல் வெப்பமும் வரும், அதை வெளியேற்ற வழி வேண்டும். சைலன்சரை மட்டும் மாற்றியவர் முதலில் ஜெட்டைத் திருத்திவிட்டு மறுபடியும் அளக்கட்டும். பழைய பைக்கை அதன் அசல் தோற்றத்திலேயே காப்பாற்ற விரும்புபவருக்குக் கூலர் கண்ணை உறுத்தும் (இது ரசனையைப் பொறுத்தது என்றாலும், விற்கும்போது விலையைப் பொறுத்ததாக மாறிவிடும்).

## பொருத்துவதென்று முடிவானால்

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் பழைய ரப்பர் வளையம் எஞ்சின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் மேலேயே இடைத்தட்டை வைத்து இறுக்கினால் முதல் ஓட்டத்திலேயே ஆயில் பீச்சும். மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. பிய்ந்த துண்டு ஆயில் ஜெட்டை அடைத்துவிடும். பெட்ரோல் ஹோஸ் உதவாது. சூடான ஆயிலுக்கென்று மதிப்பிடப்பட்ட, இரு முனைகளிலும் அழுத்திப் பூட்டிய இணைப்புள்ள ஹோஸே வேண்டும். வழுவழுப்பான குழாயின் மேல் ஹோஸைச் செருகி கிளிப் போட்டு இறுக்கிய இணைப்பு, குளிர்காலக் காலையில் கெட்டியான ஆயிலின் அழுத்தத்தில் கழன்றுகொள்ளும். அலுமினிய மரையை இறுக்க டார்க் ஸ்பானர் தேவை.

கூலரை முன் சக்கரத்தின் சேறு நேரே அடிக்காத உயரத்தில், ஃபிரேமின் முன்குழாயில், சிலிண்டர் ஃபின்களை மறைக்காமல் வைக்க வேண்டும். குழாய் வாய்கள் மேல்நோக்கி இருந்தால் எஞ்சினை நிறுத்திய பிறகு ஆயில் எளிதில் வடிந்து இறங்காது. ஹோஸ்களைக் கட்டுவதற்கு முன் ஹேண்டிலை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, முன் ஃபோர்க்கை அழுத்திப் பார்த்து, எதுவும் இழுபடுவதில்லை, சைலன்சரைத் தொடுவதில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கல் தடுக்கும் வலை போடலாம். கண்ணி சிறியதாக இருந்தால் காற்றையும் தடுக்கும்.

கூலரை முன்கூட்டியே ஆயிலால் நிரப்பி, பற்றவைக்காமல் ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுழற்றி அழுத்தம் வந்த பின்னரே ஓடவிட வேண்டும். சில நிமிடம் ஓட்டி நிறுத்தியதும் ஆயில் மட்டம் கீழே போயிருக்கும். கூலர் விழுங்கிய அளவை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். முதல் பத்துக் கிலோமீட்டருக்குப் பிறகு ஒவ்வோர் இணைப்பையும் காகிதத்தால் துடைத்துப் பார்த்து, பின் டயரின் ஓரத்தையும் பார்ப்பது அவசியம். கழுவும்போது அழுத்த நீர்த் துப்பாக்கியைக் கூலரின் முகத்துக்குக் கிட்டே கொண்டு போனால் ஃபின்கள் மடங்கிவிடும். குழாய் நீரும் மென்மையான தூரிகையும் போதும்.

பிறகு அதே ஏற்றத்தில், அதே சுமையோடு, ஏறக்குறைய அதே வெயிலில் மீண்டும் ஒரு முறை அளக்க வேண்டும். பத்து டிகிரிகூட இறங்கவில்லை என்றால், கூலரின் முகத்தில் காற்று படுகிறதா, தெர்மோஸ்டாட் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு ஹோஸ்களும் ஒரே சூட்டில் இருந்தால் காற்று போதவில்லை, இரண்டுமே இளஞ்சூடாக இருந்தால் ஆயில் கூலருக்குள் போகவே இல்லை.